சாட்சிக் கையெழுத்து

1

முதலிலேயே ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல. பெனடிக்ட் அடகோலே என்ற போலீஸ் அதிகாரி ஒரு புதன்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்து, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் சொன்னது. சொல்லி முடித்ததும், "மாஸ்டர், இதை எங்கயும் எழுதிடாதீங்க" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. இருபத்திரண்டு வருஷம் அந்த ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து, ஐந்து தலைமையாசிரியர்களுக்குத் தலையாட்டியவன் நான்.

ஊர் நைஜீரியாவின் நடுப்பகுதியில் இருக்கிறது. மாநிலத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். அந்தமட்டுக்காவது கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது என்பதிலேயே பாதி நோட்டு தீர்ந்துவிட்டது.

"கவர்னர் மனைவியின் கைப்பை சிவப்பு நிறம். அதைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்த இன்ஸ்பெக்டர் ஒனோஜா—"

வேண்டாம். இதைப் படித்தால் சிரித்துவிடுவீர்கள். சிரிக்க வைத்துவிட்டு அப்புறம் சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டீர்கள்.

"வங்கி வாசலில் முதல் குண்டு பாய்ந்தபோது—"

இதுவும் வேண்டாம். அந்தக் குண்டு பாய்வதற்கு ஒன்பது வருஷம் முன்பே கெடுதல் நடந்து முடிந்துவிட்டது.

மூன்றாவதாக ஒன்று எழுதினேன்: "அடகோலே நன்றாக எழுதுவார்." இதை அடிக்க மனம் வரவில்லை. எல்லாம் அதனால் வந்த வினைதான்.

2

அடகோலே நன்றாக எழுதுவார். மாநிலப் போலீஸ் தலைமையகத்தில் கமிஷனரின் சுதந்திர தின உரை, பிரிவுபசார உரை, இரங்கல் கடிதம் எல்லாம் அவர் கையால்தான். ஒருநாள் கமிஷனர் அவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"அடகோலே, நம்ம ஒனோஜாவுக்கு ஒரு வீரச் செயல் வேணும்."

"என்ன செஞ்சான் ஓகா?" அங்கே மேலதிகாரியை எல்லோரும் ஓகா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அதைத்தான் நீ எனக்குச் சொல்லணும்."

அடகோலே சிரித்தார். கமிஷனர் சிரிக்கவில்லை.

"மம்மி ரெண்டு தரம் போன் பண்ணிட்டாங்க. கவர்னரே ஒரு தரம் பண்ணிட்டார். பரீட்சை எழுதி மேல வர்ற வழி அந்தப் பையனுக்குச் சரிப்படல, ரெண்டு தடவை எழுதிப் பார்த்துட்டான். வீரத்துக்காகக் குடுக்கற சிறப்புப் பதவி உயர்வுன்னா பரீட்சை கிடையாது. திங்கக்கிழமைக்குள்ள தாள் தலைநகருக்குப் போயாகணும்." மம்மி என்றால் கவர்னரின் மனைவி; அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"ஓகா, அவன் ஒரு ஸ்டேஷன்லகூட வேலை பார்த்தது இல்லையே. அஞ்சு வருஷமா மம்மியோட பையத்தானே தூக்கிட்டு இருக்கான்."

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். ஸ்டேஷன்ல ஏதாவது செஞ்சிருந்தா அதை நானே எழுதியிருக்க மாட்டேனா?"

(இந்த வாக்கியத்தை நான் புனையவில்லை. அடகோலே சத்தியம் செய்தார். எனக்கு இவ்வளவு நன்றாக எழுத வராது.)

கமிஷனரைக் கெட்டவராகக் காட்டினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவர் கெட்டவரில்லை. அந்த நாற்காலியே கவர்னரின் ஒரு வார்த்தையால் கிடைத்தது. இன்னொரு வார்த்தையில் போய்விடும். அவர் பயந்தவர், அவ்வளவுதான். அடகோலே மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லைப்புறத்தில் ஏதாவது ஒரு சோதனைச் சாவடிக்குத் தூக்கியடித்திருப்பார்கள். அவருடைய மகள் அப்போது என் வகுப்பில் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் சரி என்றார்.

3

இல்லாத வீரச் செயலை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அடகோலே ஒரு காலைப்பொழுது முழுக்க முயன்றும் நான்கு வரி தேறவில்லை. இந்த இடத்தில் அவர்மேல் எனக்குப் பாசம் பொங்குகிறது. எனக்கும் இதே தொல்லைதான்.

"பொய்ய முழுசாக் கட்ட முடியல மாஸ்டர்" என்றார். "எங்கயாவது ஒரு ஆணியாவது நெசமா இருந்தாத்தான் நிக்குது."

எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். எட்டு மாதமாகத் தூசி படிந்த ஒரு ஃபைல் அங்கே கிடந்தது. சார்ஜெண்ட் தெர்கூரா, ஆற்றுப் பாலத்துச் சாவடி. பேருந்தை மறித்த ஏழு கொள்ளையரைத் தனியாளாக ஒரே துப்பாக்கியோடு நாற்பது நிமிஷம் தடுத்து நிறுத்தியவர். அதற்குள் பயணிகள் பாலத்துக்கு அடியில் இறங்கித் தப்பினார்கள். இடது தோளில் குண்டு. வீரத்துக்கான பரிந்துரை ஸ்டேஷனிலிருந்து முறைப்படி வந்திருந்தது. மேலே அனுப்ப வேண்டியவர் அடகோலே. அனுப்பவில்லை. வேண்டுமென்று அல்ல. தெர்கூராவுக்காக யாரும் போன் பண்ணவில்லை, ஃபைல் அடியில் போய்விட்டது.

பெயரை மட்டும் மாற்றினார். தோள் குண்டையும் எடுத்துவிட்டார், ஒனோஜாவின் தோளில் தழும்பு கிடையாது என்பதால்.*

* எனக்கும் இதில் பங்கு உண்டு. இந்தக் கதைக்காகத் தெர்கூராவின் வயதில் நான்கைக் குறைத்தேன், குழந்தைகளை நான்கிலிருந்து இரண்டாக்கினேன். கதை நீளக்கூடாது என்று அடுத்தவன் வாழ்க்கையை வெட்டுவது எவ்வளவு சுலபம், பாருங்கள்.

4

படிவத்தில் இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். ஒன்றைக் கமிஷனரின் டிரைவர் போட்டுவிட்டார். இன்னொருவர் அன்றைக்குப் பாலத்தில் வேலையில் இருந்தவராக இருக்க வேண்டும். வேலைப் பட்டியலைப் பார்த்தால் அன்றைக்குப் பாலத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

தெர்கூராவை வரச் சொன்னார்கள். இந்த மனிதர் இப்போது என்ன செய்தார் என்பதை நான் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் பேனாவைத் தூக்கி எறிந்து— இல்லை, அவர் எறியவில்லை. நான்தான் எறிய ஆசைப்பட்டேன். நடந்தது இது. தெர்கூரா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரலை ஓட்டி, உதடு அசைய, முழுவதையும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். நடந்த மாதிரியே இருக்கு."

"அடுத்த பட்டியல்ல உன் பேர் கண்டிப்பா வரும், தெர்கூரா. அதை நான் பார்த்துக்கறேன்."

"தோள்ல குண்டு பட்டத விட்டுட்டீங்க."

"அது இதுல தேவைப்படல."

"சரி சார். எங்க போடணும்?"

இதைச் சொல்லும்போது அடகோலே என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவன் என்னைத் திட்டியிருக்கலாம் மாஸ்டர். ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போட்டிருந்தா நான் இன்னைக்கு நிம்மதியா இருந்திருப்பேன்" என்றார். அந்த நிம்மதிக்கு அவருக்கு என்ன உரிமை என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

5

ஒன்பது வருஷங்களை ஒரு பத்தியில் தாண்டுகிறேன். ஒனோஜா ஐந்து தடவை மேலே போனார். கவர்னர் மாறினார், மம்மி மாறினார், ஒனோஜாவுக்குப் புது மம்மி கிடைத்தார். நாற்பத்தொரு வயதில் அவர் ஏரியா கமாண்டர். நான்கு ஸ்டேஷன், முந்நூறு போலீஸ்காரர்கள். அவரோடு படித்து, பரீட்சை எழுதி, ஸ்டேஷன் ஸ்டேஷனாக உருண்டவர்கள் இப்போது அவருக்குச் சல்யூட் அடித்தார்கள். கமிஷனர் ஓய்வுபெற்று ஆரஞ்சுத் தோட்டம் வைத்தார். 'அடுத்த பட்டியல்' ஒவ்வொரு வருஷமும் வந்தது. தெர்கூரா சார்ஜெண்டாகவே இருந்தார், ஒனோஜாவின் ஏரியாவில்.

இங்கே கொஞ்சம் கட்டுரை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தகுதியில்லாதவனை உயரத்தில் வைத்தால் கெடுதல் உயரத்தில் நடக்கும் என்று படித்தவர்கள் பேசுகிறார்கள். அங்கே ஒன்றும் நடப்பதில்லை. அங்கே விருந்து நடக்கும், ரிப்பன் வெட்டுவார்கள். கெடுதல் கீழே, ஏதோ ஒரு தெருவில், யாரோ ஒருவர் "இப்போ என்ன செய்யணும் ஓகா?" என்று கேட்கிற ஒரு நிமிஷத்தில் நடக்கிறது.

அந்த நிமிஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு வந்தது. கடைவீதி வங்கிக்குள் கொள்ளையர். தெர்கூராவும் ஐந்து பேரும் ஒரே வண்டியில். வயர்லெஸ்ஸில் ஒனோஜா, நேரே வங்கி வாசலுக்குப் போகச் சொன்னார். தெர்கூரா, பின்பக்கச் சந்தில் இறங்கி நடந்துபோகிறோம், வாசலில் வண்டி நின்றால் உள்ளே இருக்கிறவனுக்கு நாங்கள் குறி என்று சொல்லிப் பார்த்தார். பதில் வண்டியில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"எனக்கே பாடம் எடுக்கறியா? வீரத்துக்குப் பதவி உயர்வு வாங்கினது நானா நீயா?"

"நீங்கதான் ஓகா" என்றார் தெர்கூரா. டிரைவரிடம், "வாசலுக்கு விடுப்பா" என்றார்.

இரண்டு பேர் செத்தார்கள். அதில் ஒருவர் அவர்.

(இந்த இடத்தில் தெர்கூரா கடைசியாக என்ன நினைத்தார் என்று ஒரு பத்தி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். எனக்கு எப்படித் தெரியும்?)

6

அங்கே சாவுக்கு ஒரு புத்தகம் அச்சிடுவார்கள். வண்ண அட்டை, இறந்தவர் படம், பாட்டுகள், வாழ்க்கை வரலாறு, வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு அஞ்சலி. அந்த அஞ்சலியை அடக்கத்தன்று துறைப் பெரியவர் ஒருவர் எழுந்து படிக்க வேண்டும். தெர்கூராவின் மனைவி டூஷிமா தலைமையகத்துக்கு வந்து அடகோலேயின் மேசை முன் நின்றாள்.

"ஐயா, அஞ்சலிய நீங்க எழுதிக் குடுங்க. உங்க எழுத்து நல்லா இருக்கும்னு அவர் சொல்லுவார்."

"எழுதறேம்மா."

"பாலத்த எழுதுங்க."

அடகோலே பேனாவை மூடி வைத்தார்.

"பிள்ளைங்களுக்கு அந்தக் கதைய எத்தனை தடவை சொல்லியிருக்கார் தெரியுமா? சட்டையக் கழட்டித் தோளைக் காட்டுவார். அப்புறம் ஒருநாள் இங்க வந்து ஏதோ தாள்ல கையெழுத்துப் போட்டாராம். அன்னையிலேருந்து சொல்றதையே விட்டுட்டார். சின்னவன் கேட்டா, அது வேற ஒருத்தர் கதைடான்னுடுவார்."

"அஞ்சலிய யாரும்மா படிக்கறாங்க?"

"ஏரியா கமாண்டர்தான். ஒனோஜா ஐயா. வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள அச்சகத்துக்குக் குடுக்கணும்."

இப்போது அடகோலேயின் நிலைமையை நீங்கள் பார்க்கலாம். ஓய்வுக்கு ஏழு வாரம். பாலத்தை எழுதினால், ஒரே பாலம், ஒரே நாள், இரண்டு வீரர்கள். விசாரணை வந்தால் பொய்த் தாளில் இருப்பது அவர் கையெழுத்து. முப்பத்துநான்கு வருஷ வேலை அவமானத்தோடு முடியும். எழுதாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு அது எப்போதும் வேறு ஒருத்தர் கதை.

அன்று மத்தியானம்தான் என் வீட்டுக்கு வந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நீங்களா இருந்தா என்ன மாஸ்டர் செய்வீங்க?" என்று கேட்டார்.

"உங்க மனசு சொல்றதைச் செய்யுங்க சார்" என்றேன். இதைவிடக் கோழைத்தனமான வாக்கியம் ஒன்று எந்த மொழியிலாவது இருந்தால் சொல்லுங்கள்.

7

முடிவு ஒன்று: அடகோலே வழக்கமான அஞ்சலியை எழுதுகிறார். 'கடமை தவறாத, பண்புமிக்க.' ஒனோஜா படிக்கிறார். மண் போடுகிறார்கள். இப்படித்தான் பெரும்பாலும் நடக்கும். அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: அடகோலே பாலத்தை எழுதுகிறார். படித்துக்கொண்டே வரும் ஒனோஜாவின் குரல் நடுவில் நின்றுவிடுகிறது. முகம் வெளுத்து— இதை நான் மிகவும் விரும்பினேன். மூன்று பக்கம் எழுதினேன். அது நியாயம் நடக்கிற ஊரின் கதை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். அடகோலே பாலத்தை எழுதினார். ஏழு கொள்ளையர், நாற்பது நிமிஷம், பாலத்துக்கு அடியில் இறங்கிய பயணிகள், இந்தத் தடவை இடது தோளில் பட்ட குண்டும் இருந்தது. சனிக்கிழமை காலை, தேவாலயத் திடலில் பந்தல். டூஷிமா கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட துணியில் முதல் வரிசையில், இரண்டு பக்கமும் பிள்ளைகள். ஒனோஜா எழுந்து, புத்தகத்தைப் பிரித்து, நல்ல கம்பீரமான குரலில் படித்தார். எங்கும் தடுமாறவில்லை. கடைசி வரிவரை படித்தார்.

அவருக்குத் தெரியவில்லை. எந்தத் தாளால் அவர் அந்த மேடைவரை வந்தாரோ, அந்தத் தாளை அவர் ஒருமுறைகூடப் படித்ததே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார்.

"இப்படி ஒரு ஆளு என் கீழ வேலை பார்த்தது எனக்கே தெரியாமப் போச்சே" என்றார் ஒலிபெருக்கியில். "இவருக்கு ஒரு பதவி உயர்வுகூடக் குடுக்காம விட்டது யாரு? இதை நான் சும்மா விடப்போறதில்ல. இந்த அஞ்சலிய எழுதின அதிகாரி இங்க இருக்காரா? எழுந்து நிக்கட்டும். அவருக்கு எல்லாரும் கை தட்டணும்."

என் பக்கத்து நாற்காலியில் அடகோலே இருந்தார். முன்வரிசையில் தலைகள் திரும்பின. டூஷிமாவும் திரும்பினாள். அவள் கை மடியில்தான் இருந்தது.

அடுத்து என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அவரை எழுந்து நிற்க வைத்தால், நல்லவராக்கிவிட்டான் என்பீர்கள். உட்கார வைத்தால், உங்களுக்கு அவரைத் திட்டுவது சுலபமாகிவிடும், என்னை மறந்துவிடுவீர்கள். எல்லாம் தெரிந்த இன்னொரு ஆள் அந்த வரிசையில் இருந்தான். அவன் எழுந்திருக்கவில்லை. அதை மட்டும் நான் அடிக்கப்போவதில்லை.

அடகோலேயை நீங்களே முடிவு செய்யுங்கள். எழுப்புவதானால், எழுந்தவர் கைதட்டலுக்கு நடுவில் முதலில் எந்த வார்த்தையைச் சொன்னார் என்பதையும் நீங்கள்தான் எழுத வேண்டும். சீக்கிரம் எழுதுங்கள். டூஷிமா இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.