வியாழக்கிழமை வந்த கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை கால்பந்து இறுதி ஆட்டம் என்றால் உப்பளத்துறைக்குக் கூட்டம் வியாழக்கிழமையே வந்துவிடும். ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள்.

அந்த வியாழனும் பகல் இரண்டரை மணி பாசஞ்சரில் கூட்டம் வந்து சேர்ந்தது. பெட்டிகளில் ஓர் ஈ காக்கா இல்லை. ஆனாலும் பாரம் தாங்காமல் முனகிக்கொண்டேதான் ரயில் நின்றது. முழுக்க இறங்கி முடியட்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக்கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பத்து நிமிஷம் காத்திருந்தார். மெயின் ரோட்டில் பழக்கடைக்காரர்கள் தொங்கிய வாழைத்தார்களை அவசர அவசரமாக உள்ளே இழுத்தார்கள். இல்லாவிட்டால் தோள் இடித்து இடித்துப் பழம் உதிர்ந்துபோகும். அப்புறம் யாரைப் பிடித்துக் கேட்பது?

துறைமுக மைதானத்தின் நான்காம் வாசலில் பந்தோபஸ்துக்கு நின்றவள் ஏட்டு ஜெசிந்தா. பதினாறு வருஷ சர்வீஸ். ஆட்களோடு வரும் கூட்டத்துக்கு ஆளில்லாத கூட்டம் எவ்வளவோ தேவலை என்பது அவள் கட்சி. அது கெட்ட வார்த்தை பேசாது, வெற்றிலை துப்பாது, "நான் யாருன்னு தெரியுமா" என்று கேட்காது. கயிறு கட்டினால் கயிற்றை அழுத்திக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். கூட்டம் என்பது என்ன, இடங்கள்தானே. ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் ஆள் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்வார். போலீசார் ஒவ்வோர் இடமாகத் தடவிச் சோதித்து உள்ளே விட்டார்கள். தடவும்போது கொடியில் காய்ந்த சட்டையைத் தொட்டதுபோல ஒரு சூடு கையில் படும். இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம் இடங்கள். காலரியின் பலகைகள் வரிசை வரிசையாக வளைந்துகொண்டே போயின.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யப்போகிறதோ அதைக் கூட்டம் வியாழக்கிழமையே ஒருமுறை செய்து பார்த்துக்கொள்ளும். அதுதான் வழக்கம். அன்றைக்கு ஐந்து பத்துக்குக் காலரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு நான்காம் வாசலை நோக்கி ஒரே ஓட்டம். இரும்புத் தடுப்பு தானாக மடங்கியது, கயிறு அறுந்தது, தரையிலிருந்து புழுதி ஆளுயரம் எழுந்தது. சத்தம் மட்டும் இல்லை. சத்தம் சனிக்கிழமைதான் வரும்.

புழுதி அடங்கியதும் கான்ஸ்டபிள் இசக்கியப்பன் குனிந்து பார்த்தான்.

"யக்கா, இங்கன ஒண்ணு விழுந்திருக்கு."

வாசலுக்கு உள்ளே எட்டடி தள்ளி, மண்ணில் அரைச்சாண் ஆழத்துக்கு ஆள் நீளத்தில் ஒரு பள்ளம். இசக்கியப்பன் சுண்ணாம்புப் பொடியைக் கொண்டுவந்து அதைச் சுற்றிக் கோடு போட்டான். "போன வருசம் மூணு விழுந்துச்சு. இந்த வருசம் ஒண்ணோட போச்சு. பரவால்ல," என்றான்.

ஜெசிந்தா பார்த்தாள். இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. வலது கை கன்னத்துக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. அப்படித் தூங்குகிறவன் உலகத்திலேயே ஒருத்தன்தான், அவளுடைய தம்பி மெல்வின். நெய்தல் அணியில் இடது ஓரம் ஆடிக்கொண்டிருந்தவன். ஆறு வருஷத்துக்கு முன் கணுக்கால் முறிந்து, கோணலாகக் கூடிவிட்டது. இப்போது ஐஸ் கம்பெனியில் வேலை, ஆட்டம் என்றால் நான்காம் வாசல் பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்துவது. அம்மா போனதிலிருந்து அவளுக்கு அவன், அவனுக்கு அவள். வேறு நாதி கிடையாது.

அவள் நேராக இன்ஸ்பெக்டர் பொன்னுலிங்கத்திடம் போனாள். நல்ல மனுஷர். உடனே மூன்று கூடை மண் கொண்டுவரச் சொல்லிப் பள்ளத்தில் கொட்டவைத்தார். மண் உள்ளே போனது, பள்ளம் அப்படியே இருந்தது. இன்னும் மூன்று கூடை கொட்டினார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஆட்டத்த நிப்பாட்டிரலாமா சார்?" என்று கேட்டாள்.

"நிப்பாட்டலாம்மா. வந்த கூட்டத்த என்ன செய்ய? ஆட்டம் பாக்காம ரயில் ஏறுமா அது? ஊருக்குள்ள புகுந்துட்டுன்னா உன் தம்பியோட போவாதே."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அவள் சல்யூட் அடித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை மெல்வின் இட்லி தின்றுகொண்டிருந்தபோது சொன்னாள்.

"ஏல, ஞாயித்துக்கெழம ஆட்டத்துக்குப் போவாத."

"ஏங்க்கா?"

"நாலாம் வாசல்ல நீ விழுந்து கெடக்க."

மெல்வின் சாம்பாரில் ஒரு துண்டை நன்றாக ஊறவைத்தான். "எத்தன மணிக்கு?"

"அஞ்சு பத்துக்கு."

"அப்ப முதல் பாதி முழுசாப் பாத்துரலாம்."

"வாய ஒடைச்சிருவேன். வீட்டுல கெட."

"வீட்டுல கெடந்தா விட்டுருமா? சைக்கிள் கடை தவசி அண்ணன மறந்துட்டியா?"

மறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தி தவசி வயிற்று வலி என்று ஆட்டத்துக்குப் போகாமல் இருந்துவிட்டார். மைதானத்தில் அவருடைய இடம் கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் கிளம்பி, தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்துவிட்டது. சமையலறையில் அவரும் ரசச் சட்டியும்தான். ஆனாலும் சுவரோடு வைத்து நசுக்கியதில் விலா எலும்பு இரண்டு போயிற்று. மைதானத்திலேயே நின்றிருந்தால் ஒன்றோடு போயிருக்கும் என்று டாக்டரே சொன்னார்.

"அந்தக் கூத்து நம்ம வீட்டுக்கு வேண்டாம்க்கா," என்று மெல்வின் கை கழுவ எழுந்தான். ஜெசிந்தாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அவன் தட்டை எடுத்துக் கழுவி, கழுவின தட்டையே திரும்பவும் கழுவினாள்.

சனிக்கிழமை மத்தியானம் சத்தம் வந்தது. கடல் பக்கமாக வந்து மைதானத்துக்குள் இறங்கி, அதது அததன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மேளம், விசில், நெய்தல்காரர்களின் பாட்டு, ரயில்வே காலனிக்காரர்களின் எதிர்ப்பாட்டு, முறுக்கு விற்கிறவனின் குரல் எல்லாம் இருந்தன. போலீசுக்கு அன்றைக்கு வேலை, கேட்டு எழுதிக்கொள்வது. எந்த வரிசையிலிருந்து என்ன வசவு வருகிறது, எந்தப் பக்கம் முதலில் அம்மாவை இழுக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வசதி. இசக்கியப்பன் நோட்டும் பேனாவுமாக நான்காம் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

ஐந்து பத்துக்கு ஒரு பெனால்டி போலிருக்கிறது. விசில் கேட்டது, பிறகு ஊளை, பிறகு பாட்டில் உடைகிற சத்தம், பிறகு ஓடுகிற காலடிகள். அத்தனைக்கும் மேலே ஒரு பெண்குரல்.

"மெல்வின்!"

ஜெசிந்தா தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய குரல்தான்.

"கணீர்னு இருக்குக்கா," என்றான் இசக்கியப்பன், எழுதிக்கொண்டே.

அவள் பள்ளத்தின் பக்கத்தில் போய் நின்றாள். வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. பள்ளத்தின் கன்னமும் கையும் மட்டும் நிழலாகத் தெரிந்தன. பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு ஒன்று தோன்றியது. ஏன் இவ்வளவு நேரம் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

உப்பளத்துறைக்காரர்கள் எதற்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை. தடியடி, கண்ணீர்ப்புகை, கலெக்டர் உத்தரவு எல்லாம் அவர்களுக்குத் தூசு. முந்தின வருஷக் கலவரத்தில் கோல் கம்பத்தையே பிடுங்கினார்கள், நாற்காலிகளைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டார்கள். ஆனால் துண்டு போட்டிருந்த நாற்காலி ஒன்றைக்கூட ஒருத்தன் தொடவில்லை. மண்டை உடைந்து ரத்தம் வழிய ஓடினவன்கூட அந்த நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டுதான் ஓடினான். துண்டு போட்டால் போட்டதுதான். அது பஸ்ஸானாலும் சரி, பந்தியானாலும் சரி, ஆஸ்பத்திரி வராந்தாவானாலும் சரி.

ஜெசிந்தா தோள்பையைத் திறந்தாள். முகம் துடைக்க வைத்திருந்த பச்சைக்கரை ஈரிழைத் துண்டு இருந்தது. உதறி, பள்ளத்தின்மேல் நெடுக்காக விரித்தாள். காற்றில் தூக்காமல் நான்கு மூலையிலும் நான்கு கல் வைத்தாள். செய்துவிட்டு நிமிர்ந்தபோது முதுகுத்தண்டில் லேசாக ஒரு சூடு வந்து ஒட்டியது.

இசக்கியப்பன் பார்த்தான். நோட்டைப் புரட்டி, நான்காம் வாசல் பக்கத்தில் "இடம் போட்டாச்சு" என்று எழுதிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்தார்கள். அவரவர் இடத்தில் போய் நின்று, அவரவர் சத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். மெல்வின் நெய்தல் அணியின் நீலச் சட்டை போட்டு, தலையை வழுவழுவென்று சீவியிருந்தான். அக்காவைப் பார்த்துக் கையாட்டினான். அவள் ஆட்டவில்லை. முதல் பாதியில் கோல் இல்லை. அவன் ஒரு நிமிஷம் விடாமல் ஆசை தீரப் பார்த்தான்.

ஐந்து பத்துக்கு ரயில்வே காலனிக்குப் பெனால்டி கொடுத்தார்கள். கொடுக்கவேண்டியதே இல்லை, பந்து தோளில்தான் பட்டது, ஆனால் கொடுத்தாகவேண்டுமே. எழுதிவைத்தபடி ஏழாம் வரிசையிலிருந்து முதல் பாட்டில் பறந்தது. எழுதிவைத்தபடி மேற்குக் காலரி அம்மாவை இழுத்தது. நாற்காலிகள் எழும்பின. பத்தாயிரம் பேர் ஒரே மூச்சாக நான்காம் வாசலுக்கு ஓடிவந்தார்கள். இரும்புத் தடுப்பு, வியாழக்கிழமை மடங்கின இடத்திலேயே மடங்கியது.

ஜெசிந்தா முக்காலிமேல் ஏறி நின்றாள். அவளுடைய சத்தம் அங்கே தயாராக இருந்தது. கூப்பிட்டுத்தான் தீரவேண்டும். நெஞ்சு வெடிக்கக் கூப்பிட்டாள்.

"மெல்வின்!"

அவன் கோணல் கால் தடுப்பில் மாட்டியது. கைகள் விரிந்தன. முதுகுக்குப் பின்னால் அத்தனை பேரும் வந்துகொண்டிருந்தார்கள். அவன் நேராகப் பள்ளத்தை நோக்கி விழத் தொடங்கினான், பாதி விழுந்தும்விட்டான். அப்போது துண்டைப் பார்த்தான்.

"ஐயய்யோ, யாரோ இடம் போட்டிருக்காவ," என்று சொல்லி, அப்படியே ஒதுங்கி நிமிர்ந்து நின்றுகொண்டான்.

பின்னால் வந்த பத்தாயிரம் பேரும் பார்த்தார்கள். பாறையைச் சுற்றிப் போகிற தண்ணீர்போலத் துண்டுக்கு அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதியாகப் பிரிந்து ஓடினார்கள். சட்டை கிழிந்தவர்கள் ஓடினார்கள், கையில் நாற்காலிக் காலோடு இருந்தவர்கள் ஓடினார்கள். ஒருவர் கால்கூடத் துண்டில் படவில்லை. "பாத்து, பாத்து, ஆரோ போட்டிருக்காங்க," என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே போனார்கள்.

மெல்வின் திரும்பி முக்காலியைப் பார்த்தான். "என்னக்கா, கூப்பிட்டியா?"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. யூனிஃபார்மோடு, ஊர் பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதாள். "ஒண்ணுமில்லலே, போ, வீட்டுக்குப் போ," என்றாள்.

மறுநாள் மூன்று சாக்குச் செருப்பு அள்ளினார்கள். இன்ஸ்பெக்டர் பொன்னுலிங்கம் "அசம்பாவிதம் ஏதுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நான்காம் வாசலை ஒரு நடை பார்க்க வந்தார். தரை சமமாக இருந்தது. நான்கு கல் மட்டும் கிடந்தது.

"பள்ளம் எங்கப்பா?" என்று கேட்டார்.

"போட்டவங்ககூடப் போயிருக்கும் சார்," என்றான் இசக்கியப்பன். அவர் தலையாட்டினார்.

அதே திங்கட்கிழமை காலை எட்டரை மணி மினி பஸ்ஸில் ஜெசிந்தா ஏறினாள். எள் விழ இடமில்லாத பஸ். அவள் ஏறியதும் நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு, அவள் காலடியில் ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு இடம் விட்டார்கள். பச்சைக்கரைத் துண்டு அங்கே விரிந்திருந்தது. மார்க்கெட்டிலும் அப்படித்தான், ரேஷன் வரிசையிலும் அப்படித்தான், மாதா கோயில் பூசையிலும் அப்படித்தான். கர்ப்பிணிகள் நிற்பார்கள், கைப்பிள்ளைக்காரிகள் நிற்பார்கள், அந்த இடத்தை யாரும் கேட்கமாட்டார்கள். மினி பஸ் கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் அவளுக்கு இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுக்கப் பழகிக்கொண்டார்.

முதல் இரண்டு வாரம் துண்டுக்கு அடியில் இடது பாதம் உள்பக்கம் திரும்பியே தெரிந்தது. மூன்றாவது வாரம் நேராயிற்று. கன்னத்துக்கு அடியிலிருந்த கை எடுபட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டது. மெல்வின் அவளைவிட ஒரு சாண் உயரம். அந்த ஒரு சாணும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது. ஐந்தாவது வாரம் பார்த்தபோது தலைமாட்டில் அவள் கொண்டை அளவுக்கு ஒரு குழியும் இடுப்பில் போலீஸ் பெல்ட்டின் தடமும் தெரிந்தன. அவள் குனிந்து துண்டின் சுருக்கத்தை நீவிவிட்டாள். மனசு நிம்மதியாக இருந்தது. பயமும் இருந்தது, இல்லை என்று சொல்வதற்கில்லை.

அன்றைக்குச் சாயங்காலப் பஸ்ஸில் ஐஸ் கம்பெனி நிறுத்தத்தில் மெல்வின் ஏறினான். வேலை முடிந்து, கையெல்லாம் குளிர்ந்துபோய், வாய் நிறையச் சிரிப்போடு வந்தான். பின்னால் ஏறியவர்கள் தள்ளிய தள்ளில் அவனுடைய கோணல் கால் துண்டுக்கு நேராக வந்தது.

"ஏல, காலை எடு," என்றாள் ஜெசிந்தா.

"சும்மாதானக்கா கெடக்கு. செத்த நேரம் நின்னுக்கிடுதேன்."

"ஆள் வருது."

மெல்வின் சட்டென்று காலை எடுத்துக்கொண்டான். பக்கத்தில் ஒண்டி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.