எல்லா அறைக்கும் ஒரே குழாய்

"இன்னும் கொஞ்சம் சொவுரு பக்கம் தள்ளுங்கடா, ஒயரு எட்டல!" என்று அப்பாசாமி மாமா கத்தினார்.

நாலு பேர் சேர்ந்து ஐஸ் பெட்டியை நகர்த்தினார்கள். கண்ணாடிக்கு அடியில் தாவீதின் தலை லேசாக ஆடியது. பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்திருந்த ஜோயல், அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் காலடியில் கிடந்த சிமெண்டுத் தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெங்களூரிலிருந்து விடியற்காலையில்தான் வந்து சேர்ந்திருந்தான்.

பூச்சு முடிந்து வெள்ளைகூட அடிக்காத மாடி வீடு. கதவு மாட்டவில்லை, தரை போடவில்லை. கட்டட வேலைக்காக இழுத்த கரண்ட்டில் கூடத்து மூலையில் ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட்தான் வேலை செய்தது. அதை ஒட்டியே சுவரில் இன்னொரு சின்னப் பெட்டி, மூடியில்லாமல் கறுப்பாக வாயைத் திறந்துகொண்டிருந்தது. இன்டர்நெட் ஒயர் இழுப்பதற்காகச் சுவருக்குள் புதைத்த குழாயின் வாய் அது. தாவீதின் தலைமாடு சரியாக அதற்குக் கீழே வந்து அமைந்தது.

"பாஸ்டர் வந்து பிரதிஷ்டை பண்ணாத வூட்ல மொதமொதல்ல சாவையா வெப்பாங்க?" என்று சொந்தக்காரர்கள் காலையிலிருந்து முணுமுணுத்துப் பார்த்தார்கள். ஜோயலின் அம்மா மார்கரெட் மசியவில்லை. "சொவுத்துக்குத் தண்ணி வுட்டுகினு இருந்த மனுசன் அப்டியே உக்காந்தாரு, எந்திரிக்கல. இங்கேருந்துதான் போவாரு," என்று சொல்லிவிட்டுப் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். கருங்குழியில் பாதித் தெரு அவளோடு சேர்ந்து அழுதது.

தாவீது லேசுப்பட்ட ஆள் இல்லை. அப்பன் பாட்டனெல்லாம் அடுத்தவன் கழனியில் நாற்று நட்டவர்கள். இவர் மின்வாரியத்தில் கம்பம் ஏறி, போர்மேன் ஆகி, ரிட்டயர் ஆனவர். போன் செய்யும்போதெல்லாம் மகனிடம் ஒரே பாட்டுதான்: ஊருக்கு எப்ப வருவ, கல்யாணம் எப்ப பண்ணிக்குவ. நச்சரிப்புத் தாங்காமல் ஜோயல் ஒருநாள் சொன்னான், "நீ வூடு கட்டு நைனா. ரூமுக்கு ரூம் நெட் பாயிண்ட் வெச்சுடு. நான் மாடில குந்திகினே ஆபீஸ் வேலை பாக்கறேன்."

அப்போதைக்கு அவர் வாயை அடைக்கச் சொன்ன பேச்சு. மனுஷன் அதையே பிடித்துக்கொண்டு அஸ்திவாரம் தோண்டிவிட்டார்.

ஒவ்வொரு அறைக்கும் தனிக் குழாய் வேண்டும், எல்லாம் மாடிப்படிக்கு அடியில் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும் என்று ஜோயல் போனில் விளக்கியிருந்தான். தாவீது எல்லாவற்றுக்கும் "சரிப்பா, சரிப்பா" என்றார். கடைசியில் தனக்குத் தெரிந்த மாதிரியே செய்துவைத்தார். கூடத்திலிருந்து படுக்கையறை, அங்கிருந்து மேலே, மேலேயிருந்து பக்கத்து அறை என்று ஒன்றிலிருந்து ஒன்றாகக் கோத்து வீடு முழுக்க ஒரே குழாய். "கரண்ட்டு அப்டித்தான்டா போவும். உன் இன்டர்நெட்டு இன்னா மகாராஜாவா, தனித்தனி ரோடு கேக்குதா?" என்று சிரித்தார். ஜோயல் சண்டை பிடிக்கவில்லை. குடியிருக்கப் போகிறவன்தானே சண்டை பிடிப்பான்?

செல்போன் அடித்தது. பெங்களூரில் அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் உப்பிலி. கூடத்தில் டவர் சரியாகக் கிடைக்கவில்லை. ஜோயல் படியேறி மாடி அறைக்குப் போனான். ஜன்னலோரம் மேசை போடுவதற்கென்று அப்பா விட்டுவைத்த இடம். அங்கே கிடந்த சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தான். அவன் தோளுக்குப் பக்கத்திலும் குழாயின் வாய் திறந்திருந்தது.

"வந்துட்டேன் மச்சான். சாயங்காலம் அடக்கம்... இல்ல, இல்ல, சிங்கப்பூர் வேலைக்கு எடுத்த டிக்கெட்ட மாத்திடாத. கண்டிப்பா வரேன்."

காலையிலிருந்து ஒப்பாரியையே கேட்ட காதுக்கு நண்பனின் குரல் இதமாக இருந்தது. அவனையறியாமல் பேச்சு நீண்டது.

"அம்மாவுக்கு இன்னும் சொல்லல. அக்காகூட செங்கல்பட்டுல வுட்டுட்டு, இந்த வூட்ட வாடகைக்கு வுட்ர வேண்டியதுதான். அட, இங்க யாரு வந்து இருக்கறது? சும்மா சொன்னேன்டா அவருகிட்ட. அத நம்பி வூடு பூரா பைப்பு வுட்டு வெச்சிருக்காரு மச்சான், பாத்ரூம் ஒண்ணுதான் பாக்கி!"

சிரித்தான். துக்கத்தில் வருகிற கிறுக்குச் சிரிப்பு அது. ஆனாலும் வாய்விட்டுத்தான் சிரித்தான்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. தோளருகே ஏதோ ரீங்காரம். ஐஸ் பெட்டியின் மோட்டார் சத்தம் சுவருக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். அப்பாவின் இருமல் மாதிரியே இருந்தது. மாமாவாக இருக்கும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டான். கீழே அழுகை எப்போது நின்றது? அவன் காதைக் குழாயின் வாயில் வைத்தான்.

"கேட்டீங்களா? புள்ள பேசறான்," என்றது அம்மாவின் குரல். காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவது போல அத்தனை பக்கத்தில் கேட்டது. "எத்தினி நாளு கூப்ட்டீங்க. இப்பத்தான் பதிலு வருது."



ஜோயல் படியிறங்கினான். பாதிப் படியில் அக்கா ஜெனிஃபர் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அந்தப் பைப்புல பேசுனா எல்லா ரூம்லயும் கேக்கும்டா. எங்கியாச்சும் அடச்சிகினு கீதான்னு பாக்க நைனா கீழ வாய வெச்சி 'ஜோயலு'ன்னு கூப்டுவாரு. அம்மா மேல நின்னுகினு, நீ சொல்ற மாதிரியே 'இன்னா நைனா'ன்னு சொல்லணும். தெனமும்."

"தெனமுமா?"

"அடைப்பு இல்லன்னு மொத நாளே தெரிஞ்சிபோச்சி."

அவன் கூடத்துக்குள் வந்தபோது பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாமா ஐஸ் பெட்டியின் ஒயரைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டார். மார்கரெட் மட்டும் அவனை நிமிர்ந்து பார்த்து, "எதுனா சாப்ட்டியா?" என்று கேட்டாள். நாலு அறை அறைந்திருந்தால்கூட ஜோயல் தாங்கியிருப்பான்.

சாயங்காலம் ஏரிக்கரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. பாஸ்டர் ஜெபித்து முடித்ததும் ஜோயல் முதல் பிடி மண்ணைப் போட்டான். பெட்டிமேல் மண் விழுந்த சத்தத்தில் யாரோ தன் பெயரைச் சொன்ன மாதிரி இருந்தது. எல்லாரும் கிளம்பிய பிறகும் நின்றுகொண்டிருந்தான். மாமா வந்து கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

வீடு திரும்பி, கை கால் கழுவி, ஆளுக்கொரு டீயோடு உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் எதுவும் தெரியாமல் கேட்டார், "இனிமே இன்னாப்பா பண்ணப் போற? அம்மாவுக்குத் தொணையா இங்கியே இருந்துடுவியா?"

ஜோயல் வாயைத் திறந்தான். இருந்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் திறந்தான். அந்த நேரத்தில் அது நிஜமும்கூட.

"அவனுக்கு வேலை கீது," என்று மார்கரெட் முந்திக்கொண்டாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. "அண்ணாத்த, நாளைக்கிக் காலைல அவன பஸ் ஏத்தி வுட்ரு. டிக்கெட்டு வீணாப் போயிடப் போவுது."

"அம்மா, நான் இன்னா சொல்றேன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். ராத்திரியெல்லாம் பஸ்ல குந்திகினு வந்தவன். மேல போயி செத்த நேரம் படு."

மேலே போய்ப் பாயில் படுத்தான். தூக்கம் எங்கே வரும்? சுவருக்குள்ளிருந்து வீடு பேசிக்கொண்டிருந்தது. விளக்குமாறு கூடத்தைப் பெருக்கியது, பாத்திரம் உரசியது, வளையல் குலுங்கியது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து குழாயில் வாயை வைத்தான்.

"அம்மா."

விளக்குமாறு நின்றது.

"அம்மா, மேல வாயேன்."

மூச்சு மட்டும் ஒருதரம் கேட்டது. பிறகு காலடிச் சத்தம் வாசல் பக்கம் போயிற்று.

ஜோயல் கம்பி போடாத ஜன்னலுக்கு வந்தான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தெருவில், பூச்சுக்கு அடித்தது போக மிச்சமிருந்த மணல் மேட்டுக்குப் பின்னால் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தாள். தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டன. ஜெனிஃபர் பக்கத்தில் நின்று அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எவ்வளவோ எட்டிப் பார்த்தான். அவள் அழுகிற சத்தம் மட்டும் மாடிக்குக் கேட்கவே இல்லை.