ஒரே விலாசத்துக்கு இரண்டு நண்டுத் தட்டு

மிசிசிப்பிக் கடற்கரை ஊரான பிலக்ஸியில் மாலை நாலு மணிக்கே இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, பல்செட் வைத்தவர்கள். மற்றது, பல்செட் வைத்ததை ஒப்புக்கொள்ளாதவர்கள். நான் இரண்டாவது வகை.

வியாழக்கிழமை தவறாமல் மூன்றே முக்காலுக்குக் கேசினோவின் கடலுணவுக் கூடத்து வாசலில் வரிசையில் நின்றுவிடுவேன். ஸ்லாட் மெஷின்களை ஒரு கை பார்த்துவிட்டு வெர்நெல் வந்து சேர்ந்துகொள்வாள். வெர்நெல் என் முன்னாள் மனைவி. விவாகரத்தாகி ஆறு வருடம். வக்கீல் வீட்டைப் பிரித்தார், காரைப் பிரித்தார், நாயைப் பிரிக்க முடியாமல் அவளிடமே கொடுத்தார். கேசினோ உறுப்பினர் அட்டைகள் இரண்டிலும் பழைய விலாசமே இருப்பதைப் பற்றி மட்டும் அவரிடம் நாங்கள் இருவருமே மூச்சு விடவில்லை. ஒரே விலாசத்தில் இருக்கும் தம்பதி ஐந்து மணிக்குள் வந்தால், ஒரு தட்டு வாங்கினால் இன்னொன்று இலவசம். தட்டு நிறைய நண்டுக்கால். அதற்கு முன்னால் கோர்ட் உத்தரவெல்லாம் எம்மாத்திரம்?

அன்றைக்கும் வெர்நெல் வந்து சேர்ந்ததும் இரண்டு அட்டைகளையும் நீட்டினேன். வாசலில் இடம் பார்த்து உட்கார வைக்கும் லான் அவற்றைத் தேய்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"மிஸ்டர் ஹாலிஸ், சலுகை ஏற மாட்டேங்குது."

"இன்னொரு தடவை தேய்ச்சுப் பாரும்மா. என் முதுகு கூட முதல் தடவையில நிமிராது."

"அட்டை நல்லாத்தான் இருக்கு. மிஸ் வெர்நெலோட விலாசம்தான் போன வாரம் மாறியிருக்கு. டல்சா, ஓக்லஹோமான்னு காட்டுது."

டல்சாவில் எங்கள் மகள் டானெட் இருக்கிறாள். அம்மா வந்து தங்குவதற்கென்றே அவள் கட்டிய அறை ஒன்றும் இருக்கிறது.

வெர்நெல் கூரையைப் பார்த்தாள். "நண்டு சாப்பிட்டு முடிச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"சாமான் கட்டுறதுக்கு முன்னாடி யாராவது கேசினோ விலாசத்தை மாத்துவாங்களா?"

"பொறந்தநாள் கூப்பன் அங்க வரட்டும்னு மாத்தினேன். தட்டு ஞாபகமே வரல."

"அப்ப போறதா முடிவு பண்ணிட்டே."

"பாதி முடிவு. லாரிக்காரனுக்கு இன்னிக்கு ஆறு மணிக்குள்ள சொல்லியாகணும். டானெட் போனைக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

இரண்டு தட்டுக்கும் முழு விலை கொடுத்து உட்கார்ந்தோம். கழுத்தில் நண்டுப் படம் போட்ட பிளாஸ்டிக் ஏப்ரனைக் கட்டிக்கொண்ட எந்த மனிதனும் கம்பீரமாக இருக்க முடியாது. நான் அது இல்லாமலே அப்படித்தான்.

"டல்சாவுல கடலே கிடையாதே வெர்நெல். அங்க மீனுக்கே நீச்சல் தெரியாது."

சிரித்துவிட்டாள். சிரித்ததும் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"இதுதான் உன் பிரச்சினை, ஹாலிஸ். முப்பத்தோரு வருஷம் நீ சிரிக்க வச்சே, நானும் சிரிச்சேன். எங்கம்மா சாவுல கூட சிரிக்க வச்சே. நான் வீட்டை விட்டுப் போறேன்னு சொன்னப்ப என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 'போறப்ப அந்தக் குப்பைப் பையையும் எடுத்துட்டுப் போ' என்று சொல்லியிருந்தேன். அவள் எடுத்துக்கொண்டுதான் போனாள்.

"ஒரே ஒரு வாக்கியம் சொல்லு. சிரிப்பு கலக்காம. சொல்லிட்டா யோசிக்கிறேன்."

நாக்கு நுனியில் நாலு வேடிக்கை வரிசை கட்டி நின்றது. நாலும் நல்லவையே.

"டல்சாவுல வந்து..."

"டல்சா வேண்டாம்."

"நாய்க்கு அங்க..."

"நாயும் வேண்டாம். நீ."

பக்கத்து மேஜைக் கிழவர் காதுக் கருவியை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போகாத, வெர்நெல்," என்றேன். "வெள்ளிக்கிழமை காலையில எழுந்ததுமே நான் அடுத்த வியாழக்கிழமைக்குக் காத்திருக்க ஆரம்பிச்சிடறேன்."

கண்ணைத் துடைத்தேன். விரலெல்லாம் நண்டு மசாலா. எரிந்த எரிச்சலில் எழுந்து நின்றுவிட்டேன்.

"அது மசாலாவா, அழுகையா?"

"ரெண்டும்."

வெர்நெல் தன் தண்ணீர் டம்ளரில் துணியை நனைத்து என் கண்ணில் வைத்து அழுத்தினாள். ஆறு வருடத்தில் அவள் கை என் முகத்தில் பட்டது அதுதான் முதல் தடவை. நான் வேடிக்கை எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய சாதனை. பிறகு விரல்களைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"டானெட், லாரி வேண்டாம்னு சொல்லிடு... ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன். கிறிஸ்துமஸுக்கு வர்றோம்... ஆமா, 'வர்றோம்'னுதான் சொன்னேன்... சே சே, படுக்கை தனித்தனியாவே போடு. உங்கப்பா இப்பத்தான் முதல் வாக்கியமே பேசியிருக்காரு."

போனை வைத்துவிட்டு, முழங்கைகளை மேஜையில் ஊன்றி என்னைப் பார்த்தாள்.

"ம், அடுத்தது?"

என் வாய் நிறைய நண்டு. அவசர அவசரமாக விழுங்கினேன்.