கீழ்க்கடைவாய் வலி

பல் மருத்துவக் கல்லூரியின் பொதுப் பிரிவில் பதினேழு நாற்காலிகள். பதினேழிலும் வாயைத் திறந்தபடி நோயாளிகள். இன்னொரு ஆசிரியர் விடுப்பில் போனதால் மொத்தமும் பேராசிரியை ஒருத்தியின் தலையில் விழுந்திருந்தது. மதியச் சாப்பாடு பையிலேயே கிடந்தது. நின்று நின்று கால் மரத்துப்போயிருந்தது.

முன்பெல்லாம் மாணவர்கள் எழுதிக்கொண்டு வரும் நோய்க்குறிப்புகளைப் படித்தால் சிரிப்பாவது வரும். இந்த வருஷம் செயற்கை நுண்ணறிவைக் கேட்டு எழுதலாம் என்று கல்லூரியே அனுமதித்துவிட்டது. எல்லாத் தாள்களும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வழவழவென்று இருந்தன. தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடித் தேடி அவளுக்குக் கண் பூத்துப்போனது.

மூன்றாம் ஆண்டு மாணவி ஒரு தாளை நீட்டினாள். நோயாளி பஸ் டிரைவர். இடது கீழ்க்கடைவாயில் நாலு நாளாக வலி. எக்ஸ்ரேயில் அந்தப் பல்லில் ஆழமாக அடைத்த பழைய சொத்தை. நரம்பு கெட்டுவிட்டது, வேர் சிகிச்சை தேவை என்று எழுதியிருந்தது.

"டெஸ்ட் எல்லாம் பண்ணிட்டியாம்மா?"

மாணவி என்னவோ முனகினாள். பேராசிரியை அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டுவிட்டாள்.

பத்து நிமிஷத்தில் மாணவி வெளிறிய முகத்தோடு திரும்பி வந்தாள்.

"மேடம், நான் டெஸ்ட் பண்ணவே இல்ல. மரத்துப்போற ஊசிய எடுக்கறப்போ மனசு கேக்கல. வேற என்னவா இருக்கலாம்னு, இந்தக் குறிப்ப எழுதித் தந்த ஏஐகிட்டயே திருப்பிக் கேட்டேன். மேல்பல் கெட்டாலும் கீழ வலிக்கிற மாதிரி இருக்கும்னு சொல்லிச்சு. ஐஸ் வச்சுப் பாத்தேன். கீழ்ப்பல் நல்லா இருக்கு மேடம். மேல வச்சதும் துடிச்சுட்டார்."

பேராசிரியை போய்த் தானே மேல்பல்லைத் தட்டிப் பார்த்தாள். டிரைவர் கைப்பிடியை இறுகப் பற்றினார்.

"கீழதான் வலிக்குதுன்னு நான்தான் சொன்னேன் டாக்டரம்மா. வலியே ரூட்டு மாறிப் போயிருக்கு போல."

"உங்க மேல தப்பு இல்லைங்க. பாக்காம கையெழுத்துப் போட்டது நான்."

கொஞ்சம் விட்டிருந்தால் நல்ல பல்லைக் குடைந்திருப்பார்கள். பேராசிரியை பழைய குறிப்பை அடித்துவிட்டு, மேல்பல்லுக்கு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தாள். மாணவி தலை குனிந்து நின்றாள்.

"திட்டறதுக்குக்கூடத் தெம்பு இல்லம்மா. திரும்பி வந்து சொன்ன பாரு, அது போதும்."

மேசைக்கு முன்னால் ஒன்பது பேர் தாளோடு காத்திருந்தார்கள். காலையிலிருந்து இதே மாதிரி பார்க்காமல் கையெழுத்தான தாள்கள் இன்னும் ஆறு. காத்திருந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, அவள் அந்த ஆறு நாற்காலிகளைத் தேடி நடந்தாள்.