ஒற்றனின் மொட்டை

1

பழைய சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றிலிருந்து இந்தக் கதை பிறந்தது என்று தொடங்கினால் கௌரவமாக இருக்கும். ஆனால் அது பிறந்தது என் குடும்பத்து ஆள் ஒருவனின் மழித்த தலையிலிருந்து.

இதில் நான் வரப்போவதில்லை. எனக்குப் பதிலாகச் சித்தூர் கிறிஸ்தவ சபையின் மூப்பர் தனராஜ் வருவார். அவர்தான் நான் என்று நினைப்பவர்களைத் தடுக்கமாட்டேன், ஒத்துக்கொள்ளவும் மாட்டேன்.

2

அந்தச் சித்திரக்கதையில் இரும்புச் சிறகன் பறப்பான், மலையைப் பெயர்ப்பான். அவனுக்குத் துப்புக் கொண்டுவரும் ஒற்றன் நந்தனுக்குப் புத்தகத்துக்கு நான்கு கட்டம்தான். தொப்பி, மழைக்கோட்டு, ஒரு சேதி; அடுத்த பக்கத்தில் ஆள் இல்லை. 1977இல் அதைத் தெலுங்கில் படமாக எடுத்தபோது, நந்தன் வேஷம் தனராஜின் தம்பி ஜெபதாஸுக்குக் கிடைத்தது.

படத்துக்காகப் புதிதாக ஒரு காட்சி யோசித்திருந்தார்கள். எதிரிகள் துரத்த, நந்தன் திருப்பதியில் மொட்டையடித்துக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிடுகிறான். ஆயிரம் மொட்டைகளில் அவனை எங்கே தேடுவது? நல்ல யோசனைதான். ஆனால் ஜெபதாஸ் அந்தத் தலையோடு சித்தூருக்குத் திரும்பியபோது எங்கள் சபையில் மொத்தம் ஒரே மொட்டை.*

சினிமாவுக்காக எடுத்தது என்றார் தனராஜ். சபை நம்பியது. எட்டு மாதம் கழித்துப் படம் வந்தது.

(* கீழ்த் திருப்பதி லாட்ஜ் ஒன்றில் மழித்ததாகச் சொன்னான். லாட்ஜின் பெயர் நினைவில்லையாம்.)

3

தனராஜ் நேர்மையான மனிதர், ஆகவே அவர்—

(அடித்துவிட்டேன். அதை நான் சொன்னால் நன்றாயிராது.)

அப்போது தனராஜின் மகள் கிருபாபாய்க்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன் கோயிலில் மூன்று ஞாயிறு மணமக்களின் பெயர்களை அறிவித்து, தடை சொல்பவர் உண்டா என்று போதகர் கேட்பார். இரண்டு ஞாயிறு முடிந்திருந்தது. சூளூர்பேட்டையிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார் வந்து உட்கார்ந்தார்.

"உங்க தம்பி மலைக்கிப் போயி முடி குடுத்துட்டு வந்தாராமே, சம்பந்தி."

"சினிமாவுக்கு எடுத்தது."

"ரெண்டு வாட்டி பாத்துட்டேன் அந்தப் படத்த. மொதல்லேர்ந்து கடைசி வரிக்கும் தொப்பி போட்டுக்கினுதான் சுத்தறாரு. தொப்பிக்கா மொட்ட அடிச்சாரு?"

தனராஜ் காபி டம்ளரைச் சம்பந்தியின் பக்கம் நகர்த்தினார். அவர் அதைத் தொடவில்லை.

"நீங்க மூப்பர். மூணாவது அறிவிப்பப்போ எழுந்து, அது வேண்டுதல் இல்லன்னு சபைக்குச் சொல்லிடுங்க. உங்க வாயால வந்தா எனக்குப் போதும். இல்லாட்டி நான் எழுந்திருக்கணும்."

4

மறுநாள் தனராஜ் திருப்பதிக்கு பஸ் ஏறினார். படத்துக்கு மேக்கப் போட்ட சம்பத்தைக் கண்டுபிடித்தார்.

"மொட்ட சீனா? அத எடுக்கவேல்ல சார், மழ. அதுக்குன்னு ரப்பர்ல மொட்ட பண்ணி வெச்சிருந்தோம். உங்க தம்பி என்னடான்னா முன்னாடியே நிஜ மொட்டையோட வந்து நிக்கறாரு. டைரக்டர் திட்டிக்கினே தொப்பிய மாட்டிவுட்டாரு."

பஸ்ஸில் திரும்பும்போது அவருக்கு ஒன்று நினைவு வந்தது. எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். தம்பி மொட்டையடித்த அதே வாரம் கிருபாபாய் மூளைக்காய்ச்சலில், பேச்சுமூச்சில்லாமல் வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒன்பதாம் நாள் கண்திறந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டார்.

"எதுக்குடா எடுத்த?"

"வேஷத்துக்குண்ணா."

"ரப்பர் இருந்துச்சாம்."

"ரப்பர் வெச்சா வேஷம்னு தெரிஞ்சிடும்."

"அந்த வாரம் கிருபா—"

"அண்ணா, வுட்டுடுங்க." ஜெபதாஸ் தரையைப் பார்த்தான். "ஞாயித்துக்கிழம எழுந்து நிக்கப்போறது நீங்க. எல்லாம் தெரிஞ்சிக்கினு எப்பிடி நிப்பீங்க?"

இந்த இடத்தில்தான் நான் குழம்பிப்போனேன். அவன் பொய் சொன்னானா, அண்ணனுக்குப் பொய் சொல்லும் வேலை வராமல் பார்த்துக்கொண்டானா? நூறு ஒற்றர் கதை படித்தவர்கள் சொல்லுங்கள்.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், "வேஷத்துக்கென்று என் தம்பியே சொன்னான்" என்கிறார் தனராஜ். ஒரு வார்த்தையும் பொய்யில்லை. கல்யாணம் நடக்கிறது. அதன்பின் அவரால் மூப்பர் பெஞ்சில் முதுகு நிமிர்த்தி உட்கார முடிவதில்லை.

இரண்டாவதில், "எனக்குத் தெரியாது" என்கிறார். சூளூர்பேட்டைக்காரர் எழுந்திருக்கிறார்.

மூன்றாவதில், "என் மகளுக்காக—" என்கிறார். அதற்குமேல் பேனா போகவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வது அதுவும்தானே?

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் படிக்கத் தெரிந்தவர்கள். இவ்வளவுதான் தருவேன்: அந்த ஞாயிறு போதகர் பெயர்களை வாசித்துவிட்டு நிறுத்தினார். தனராஜ் எழுந்தார். ஜெபதாஸ் கடைசி வரிசையிலிருந்து நழுவிப் பாதிக் கதவு தாண்டியிருந்தான்.

"டேய், நில்லுடா" என்றார் தனராஜ், கோயிலென்றும் பாராமல். பிறகு சபையைப் பார்த்து, "அவன் என் தம்பி" என்றார்.

அடுத்த வாக்கியம் உங்களுடையது. சூளூர்பேட்டைக்காரர் ஒரு கையை முன்பெஞ்சில் ஊன்றிவிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து கிருபாபாய் தன் சித்தப்பாவைத் திரும்பிப் பார்க்கிறாள். சீக்கிரம் எழுதுங்கள்.