நடுவில் ஓட்டை வைத்த பச்சைத் துணி

டாக்டர் அறை வாசலில் தங்கச்சிக்கு உட்காரவே முடியவில்லை. எழுந்தாள், நடந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

“சும்மா இருடி, எனக்குத் தலை சுத்துது” என்று எரிந்து விழுந்தேன். என் கால் மட்டும் ஆடாமலா இருந்தது?

இதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துத் தையல் அறையில்தான் அவளுக்கு வேலை. ஆபரேஷனின்போது வயிற்றின் மேல் போர்த்தும் பச்சைத் துணியின் நடுவே ஓட்டை வெட்டி, நூல் பிரியாமல் ஓரம் அடிப்பாள்.

“புள்ளை வயித்துக்குள்ள இருக்கும்போதே அதோட முதுகைத் தைக்கிறாங்களாம்க்கா! அதுக்குத்தான் இந்தத் துணி” என்று ஒருநாள் வாயைப் பிளந்தாள். அப்போது அவளும் முழுகாமல் இருந்தாள்; மூன்றாம் மாதம்.

“நீயும் மேலே போய்க் காட்டேன்டி.”

“கான்ட்ராக்ட் ஆளுங்களை இங்க பார்க்கமாட்டாங்கக்கா.”

ஊர்க்கோடி இலவச மருத்துவமனையில் ஸ்கேன் மெஷின் ஒன்றுதான். வரிசையோ அனுமார் வால். இவள் முறை வந்தபோது ஏழாம் மாதம் முடிந்திருந்தது. பிள்ளையின் முதுகெலும்பு மூடவில்லை என்று சொல்லி, அவசரம் அவசரமாக இங்கே அனுப்பிவிட்டார்கள்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். டாக்டர் ஸ்கேன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆறாம் மாசத்துக்குள்ள தைச்சிருக்கலாம். இனிமே பொறந்த பிறகுதான். புள்ளை எழுந்து நடக்குமான்னு சொல்ல முடியாது.” பெருமூச்சு விட்டார். “ஏம்மா, இத்தனை நாளா ஏன் இங்க வரலை?”

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி முந்திக்கொண்டாள்.

“தினமும் வந்துட்டுதான் சார் இருக்கேன். பின்வாசல் வழியா.”