எண்பத்தேழில் ஒரு பங்கு

பஸ் வேறு வழியாகப் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். குழாய் பதிக்கிறேன் பேர்வழி என்று மெயின் ரோட்டை ஒரு ஆள் உயரத்துக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். டிரைவர் வண்டியைக் குறுக்குத் தெரு ஒன்றில் திருப்ப, அது பாதியில் நகர வழியில்லாமல் நின்றுவிட்டது. பெரியவள் மடியில் ஸ்பாஞ்சுப் பையோடு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். 

அந்தத் தெரு அவளுக்குத் தெரியும். ஒரு நாளும் கால் வைத்ததில்லை, ஆனால் அங்குலம் அங்குலமாகத் தெரியும். அதற்குப் பெயின்ட் அடித்தவளே அவள்தான்.

விஷயம் என்னவென்றால், அவள் புருஷனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ரயில்வேக்கும் அவருக்கும் டிக்கெட் வாங்கி ஏறுவதைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. இருந்தாலும் சொந்தபந்தம் மொத்தமும் அவரை ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பொம்மை ரயில் ஓடுவதற்கு ஊர் கட்டுவது அவருக்கு ஒரு பைத்தியம். ஊர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, சாப்பாட்டு மேசை அளவுதான். இரண்டு பலகையாகக் கழற்றி, முகத்துக்கு முகம் வைத்து மடித்து, கார் டிக்கியில் போட்டுக் கண்காட்சிக்குக் கொண்டுபோய்விடலாம். எல்லாமே எண்பத்தேழில் ஒரு பங்கு. ஒரு மனுஷனே இரண்டு சென்டிமீட்டர். தெர்மகோலைச் சீவி, பிளாஸ்டர் பூசினால் குன்று. வடிகட்டிக் காயவைத்த டீத்தூள்தான் மண். ஸ்பாஞ்சைப் பிய்த்துச் சாயத்தில் முக்கினால் மரம். கண்ணாடி மாதிரி இறுகும் ரெசின் பசையை ஊற்றினால் ஆறு. கட்டுவது அவர், வண்ணம் அவள்.

இந்த மூன்று மாதமாக ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தெரு கட்டிக்கொண்டிருந்தார். "இது எந்தத் தெருங்க?" என்று கேட்டதற்கு, "எந்தத் தெருவும் இல்ல. சும்மா மனசுல தோணினது" என்றார்.

மனசில் தோன்றியதாம். இதோ லாம்ப் போஸ்ட், இடது பக்கம் சாய்ந்துகொண்டு நிற்கிறது. நிமிர்த்தி ஒட்டுங்கள் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டபோது "அது அப்படித்தான் இருக்கும்" என்றாரே, அப்படியேதான் இருந்தது. மருந்துக்கடை ஷட்டரில் கீழ்ப்பாதி மட்டும் துரு. அடுத்தாற்போல் பச்சைக் கதவு வீடு, அதன் மூன்றாம் படியில் மூளியான மூலை. அந்த மூலையை அவர் ஊசிமுனையால் நெம்பி உடைத்தபோது அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வீட்டு பால்கனியில் ஒரு பெண் பொம்மை வைத்திருந்தார். அதன் உடுப்புக்கு மட்டும் மூன்று தடவை நிறம் மாற்றச் சொன்னார். "மஞ்சள் இவ்ளோ பளிச்னு வேணாம். துவைச்சுத் துவைச்சு வெளுத்த மாதிரி இருக்கணும்." துவைத்து வெளுத்ததை இந்த மனுஷன் எங்கே போய்ப் பார்த்தார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். இப்போது தோன்றியது. சனிக்கிழமையானால் "கடையில ஸ்டாக் எடுக்கணும்" என்று அவர் தாமதமாக வருவதும் கூடவே ஞாபகம் வந்து தொலைத்தது. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாக அவளுக்குப் புருஷன்மேல் சந்தேகம் வந்தது.

பஸ்ஸை விட்டு எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. யாருடி நீ என்று கேட்பதா, நான் அவர் பெண்டாட்டி என்று சொல்வதா என்று முடிவு செய்வதற்குள் விரல் பெல்லை அமுக்கிவிட்டது.

கதவைத் திறந்தவள் வெளுத்த மஞ்சளில் நின்றாள். காதோரம் நரை, கண்ணுக்குக் கீழே சுருக்கம். ஆனாலும் கூடப் பிறந்தவளைத் தெரியாமல் போகுமா? சின்னவள். பதினோரு வருஷமாக இவள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று பெரியவள் ஒதுக்கி வைத்திருந்த தங்கை.



"இத்தனை நாள் மாமாவை அனுப்பிட்டு, இன்னிக்கு நீயே வந்துட்டியா?" என்றாள் சின்னவள்.

"அவர் இங்க வருவாரா?"

"உள்ள வந்ததில்ல. சனிக்கிழமையானா மருந்துக்கடை ஓரமா வந்து நிப்பாரு. நான் பால்கனிக்கு வந்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிடுவாரு. நீதான் வேவு பாக்க அனுப்புறேன்னு நெனச்சேன்."

"நான் எதுக்குடி அனுப்பணும்? அம்மா சாகக் கிடந்தப்ப வர முடியாதுன்னு சொன்னவதானே நீ."

"யார்கிட்ட சொன்னேன்?"

"அவர்கிட்ட. போன்ல."

சின்னவள் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு எந்தப் போனும் வரலக்கா. அம்மா போனதே ஒரு மாசம் கழிச்சு யாரோ சொல்லித்தான் தெரியும். எல்லாருமா சேர்ந்து என்னைத் தலைமுழுகிட்டீங்கன்னு நெனச்சேன்."

பெரியவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா மூச்சுக்கு மூச்சு "சின்னது எங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது வேறு ஊரில் இருந்த சின்னவளின் புது நம்பர் வீட்டுக் காலண்டர் ஓரத்தில்தான் எழுதியிருந்தது. வீட்டிலிருந்த புருஷனுக்குக் காலையிலேயே போன் செய்து, உடனே அவளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்றாள். சாயங்காலம் வந்தவர் "வர முடியாதுன்னுட்டா" என்றார். பெரியவள் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. வந்துகொண்டே இருக்கிறாள் அம்மா, பஸ் ஏறிவிட்டாள் என்று பொய் சொன்னாள். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள், விடிவதற்குள் போய்விட்டாள்.

சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள். 

ஸ்டேஷன் மாஸ்டர் மேசையில் குனிந்து, சாமணத்தால் இடுக்கிப் பிடித்து ஒரு வேலிக்கம்பியை ஒட்டிக்கொண்டிருந்தார். "ஸ்பாஞ்சு கிடைச்சுதா?" என்று கேட்டபடி நிமிர்ந்தவர், பெண்டாட்டிக்குப் பின்னால் நிற்பவளைப் பார்த்தார். சாமணம் கீழே விழுந்தது. சாக்குப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன்.

"மூணு வருஷம் முன்னாடி இவ கண்ணாடி மாத்த எங்க கடைக்கு வந்தா. நான் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். பில்லுல அட்ரஸ் இருந்துது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லிடணும்னுதான் போவேன். சொல்லத் தைரியம் வரல. கட்டத்தான் வந்துது."

"அன்னிக்கு ஏன் போன் பண்ணல?" பெரியவளின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"ஆத்துத் தண்ணிக்கு ரெசின் கலந்துட்டேன். அப்பதான் உன் போன் வந்துது. கலந்துட்டா உடனே ஊத்திடணும், நடுவுல நிறுத்தினா கோடு விழுந்துடும். ஊத்திட்டுக் கூப்பிடலாம்னு இருந்தேன். ஊத்தினதும் குமிழியா வந்துது. ஒவ்வொண்ணா ஊசியால குத்தி எடுத்தேன். அதுலயே மறந்துட்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் என்ன சொன்னான்னு கேட்டே. கூப்பிடவே இல்லன்னு சொல்ல வாய் வரல."

பெரியவளுக்கு அந்த ஆறு தெரியும். போன இடமெல்லாம் பெயர் வாங்கியது. அம்மா போன மறுவாரம், துக்கம் மறக்கட்டும் என்று அவர்தான் அதன் கரைக்கு நாணல் நடச் சொல்லிக் கொடுத்தார். அவளும் அழுதுகொண்டே ஒவ்வொரு நாணலாக நட்டாள். இப்போது அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

சின்னவள்தான் மேசைக்கு வந்தாள். பால்கனியில் நின்ற பொம்மையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தொடவில்லை.

"கோடு விழுந்துச்சா மாமா?" என்று கேட்டாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை.

"ஆத்துல. கோடு விழுந்துச்சா?"

"இல்லம்மா," என்றார் அவர். "சுத்தமா வந்துது."